அடிக்குறிப்பில் இடமில்லாத பண்டிதர்

அயோத்திதாசப் பண்டிதருக்கு இன்று மரியாதைக்குக் குறைவில்லை. 2005இல் அஞ்சல் தலை வந்தது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 டிசம்பரில் சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். மே மாதம் வந்துவிட்டால் பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் எல்லாக் கட்சிகளும் மாலையோடு வந்து நிற்கின்றன. நல்லது. நூறாண்டு காலம் பெயரைக்கூடச் சொல்லாமல் கடந்துபோன சமூகம் இப்போதாவது மாலை போடுகிறது.

ஆனால் மாலை வேறு, மேற்கோள் வேறு. ஒரு அறிஞருக்கு அறிவுலகம் கொடுக்கிற உண்மையான மரியாதை மேற்கோள்தான். அவர் சொன்னதை எடுத்து வைத்து, ஏற்பதோ மறுப்பதோ செய்வது. அந்த மரியாதை பண்டிதருக்குக் கிடைத்திருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கடைசியில் நூற்பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று முதன்மை ஆதாரங்கள், மற்றது துணைமை ஆதாரங்கள். முதன்மை என்றால் நாம் ஆராய்கிற பொருள்: கல்வெட்டு, ஏடு, பழைய பத்திரிகை. துணைமை என்றால் அந்தப் பொருளைப் பற்றி நமக்கு முன்னால் யோசித்தவர்கள்: நம் சக ஆய்வாளர்கள், நம்மோடு வாதம் செய்கிறவர்கள். பெயரில் முதன்மை இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் அதிகாரம் துணைமையிடம்தான் இருக்கிறது. முதன்மை ஆதாரம் பேசாது, அதைப் பற்றித்தான் மற்றவர்கள் பேசுவார்கள்.

உ.வே. சாமிநாதையரும் எஸ். வையாபுரிப்பிள்ளையும் நம் ஆய்வேடுகளில் பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் கருத்துச் சொல்கிறவர்கள். அயோத்திதாசர் முதல் பட்டியலில் இருக்கிறார். அவர் 'ஒடுக்கப்பட்டோர் எழுச்சிக்கு ஒரு சான்று', 'மாற்றுச் சிந்தனைக்கு ஓர் உதாரணம்'. சான்றை ஆராயலாம், சான்றோடு யாரும் விவாதிப்பதில்லை.

ஒரு கருத்தரங்கில் பண்டிகைகளின் வரலாறு பற்றிப் பேசியபோது அயோத்திதாசரின் விளக்கத்தை மற்ற அறிஞர்களின் விளக்கங்களோடு ஒரே வரிசையில் வைத்தேன். ஊரும் துறையும் இங்கே தேவையில்லை. தலைமை தாங்கிய பேராசிரியர் கோபப்படவில்லை, அன்பாகத்தான் சொன்னார்: "தம்பி, அவரு பெரிய சீர்திருத்தவாதி, மறுக்கல. ஆனா இந்தப் பகுதியில அறிஞர்களைத்தானே போடணும்?" அரங்கில் யாருக்கும் அதில் எதுவும் தவறாகப் படவில்லை. எல்லா ஊரிலும் இதே நிலைதான் என்பதை என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஏடு இருந்த வீடு

அயோத்திதாசர் அறிஞர் இல்லையா? அவர் வாழ்க்கையைப் பார்ப்போம்.

1845 மே 20இல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த வல்லகாளத்தி அயோத்திதாசப் பண்டிதரின் பெயரையே தன் பெயராக ஆக்கிக்கொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் அறிந்தவர். இளமை நீலகிரியில் கழிந்தது. 1870களில் அங்கே அத்வைதானந்த சபை என்று ஒன்றைத் தொடங்கி நடத்தினார்.

அவருடைய தாத்தா கந்தப்பன், ஜார்ஜ் ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக வேலை பார்த்தவர். தன் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை அந்தத் துரையிடம் கந்தப்பன் கொடுத்தார், அது அவர் வழியாக எல்லீஸ் துரை கைக்குப் போய் அச்சுக்குப் போனது என்று பண்டிதரே தன் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். இதில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பட்லரின் வீட்டில் குறள் ஏடு எப்படி வந்தது? வரவில்லை, அங்கேயே இருந்தது என்பதுதான் பண்டிதரின் பதில். அவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பதிலின் விரிவு என்றுகூடச் சொல்லலாம்.

1891இல் திராவிட மகாஜன சபையை உருவாக்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 1இல் நீலகிரியில் மாநாடு கூட்டி, ஒடுக்கப்பட்டவர்களுக்கான கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றி காங்கிரசுக்கும் அனுப்பினார். அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் தம் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு பிரதிநிதி எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் அல்ல என்ற பொருளில் பேசினார். பண்டிதர் தளரவில்லை. அப்படியானால் உங்கள் சாமியே வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார்.

மதுரைக்காரர்கள் நாம் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே மனதில் வைக்க வேண்டும். மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் மதுரைவீரன் நிற்கிறார். கோயிலுக்கு வெளியே, வாசலுக்குப் பக்கத்தில். கோயில் உள்ளே எங்களுக்கு, வாசல் உங்களுக்கு என்ற பங்கீட்டை 1892இல் ஒரு பொதுச் சபையில் எழுந்து நின்று சொல்ல முடிந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1898: இரண்டு மணிமேகலைகள்

1898இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு அயோத்திதாசர் கொழும்பு போனார். வித்யோதய பிரிவேனாவின் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் என்று கிளைகள் பரவின. தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் போன இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட அந்தச் சங்கத்துக்கு ஆட்கள் இருந்தார்கள்.

அதே 1898இல்தான் உ.வே.சா.வின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் பெரிய நாள். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது உ.வே.சா.வுக்குச் சமணக் கருத்துகளை விளக்கிச் சொல்லக் கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. மணிமேகலைக்கு அப்படிப் பௌத்தக் குடும்பம் ஒன்று அவருக்குக் கிடைக்கவில்லை. பேராசிரியர் ரங்காசாரியார் துணையோடு ஆங்கில நூல்கள் வழியாகப் பௌத்தத்தைப் படித்துத் தெரிந்துகொண்டார். தமிழ்நாட்டில் பௌத்தம் செத்துவிட்டது, அதைப் புத்தகத்தில்தான் பார்க்க முடியும் என்பது அன்றைய புலமை உலகின் எண்ணம். அதே ஆண்டில், இராயப்பேட்டையில் ஒரு தமிழ்ப் புலவர் நாங்கள்தான் பௌத்தர்கள் என்று பலகை மாட்டுகிறார்.

இதில் உ.வே.சா.வைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அவர் ஏடு தேடி நடந்த நடைக்குத் தமிழ் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நடை யாருக்குச் சாத்தியமானது என்பதைக் கேட்க வேண்டும். திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கிப் பாடம் கேட்கவும், அக்கிரகாரங்களிலும் கவிராயர் வீடுகளிலும் திண்ணையில் உட்கார்ந்து ஏடு பார்க்கவும் ஒரு சாதி வேண்டியிருந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நம் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஏட்டுச் சுவடிகள், அச்சகம், செந்தமிழ் இதழ் என்று அது புலவர்களின் கூடாரமானது. ஜமீன்களும் மடங்களும் பணம் போட்டு வளர்த்த அந்தப் புலமைக்கு இணையாக, சாதி ஒழிப்புப் பேசிய ஒரு சித்த வைத்தியருக்கு இருந்ததெல்லாம் அவருடைய மருந்துக்கடை வருமானமும் சுரங்கத் தொழிலாளர்களின் சந்தாவும்தான்.

1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. நான்கு பக்க வார இதழ். விலை பெயரிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆனது. 1914 மே 5இல் இறக்கும் வரை வாரா வாரம் எழுதினார். அரசியல் செய்தி, மழை நிலவரம், மருத்துவக் குறிப்பு, வாசகர் கேள்விக்குப் பதில் ஆகியவற்றுக்கு நடுவே 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்தது. 'ஆதிவேதம்' வந்தது. குறளுக்கும் ஔவையின் நூல்களுக்கும் உரை வந்தது. மற்ற அறிஞர்கள் நூலகத்தில் எழுதியதை அவர் ஒரு பைசாவுக்கு எழுதினார்.

அவருடைய ஆய்வு முறை

பண்டிதர் சொல்கிற முடிவுகளை நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த முடிவுகளுக்கு அவர் எப்படி வந்தார் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அவரிடம் மூன்று கருவிகள் இருந்தன. முதலாவது சொல். வழக்கில் இழிசொல்லாக மாறிப்போன ஒரு சொல்லை எடுத்து, நிகண்டுகளில் அதன் பழைய பொருளைத் தேடுவார். பறையர் என்ற சொல்லில் அவர் கேட்டது பறைதல், அதாவது சொல்லுதல். தர்மத்தை எடுத்துச் சொன்னவர்கள், வேடதாரிகளின் பொய்யை ஊரறியச் சொன்னவர்கள் என்று அதற்குப் பொருள் கண்டார். இரண்டாவது நூல். மணிமேகலை, வீரசோழியம், சூடாமணி நிகண்டு போன்ற பௌத்த, சமணத் தொடர்புள்ள நூல்களைச் சைவ வைணவக் கண்ணாடி இல்லாமல் படித்தார். திருக்குறளைத் திரிபிடகத்தின் வழிநூலாகக் கருதி 'திரிக்குறள்' என்றே எழுதினார். மூன்றாவது வழக்கம். வீட்டுச் சடங்கு, பண்டிகை, தாத்தா பாட்டி சொன்ன கதை ஆகியவற்றை ஆவணமாக எடுத்துக்கொண்டார்.

இந்த மூன்றாவது கருவியைக் கவனியுங்கள். எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்த நினைவுதான் தீபாவளி என்றார். ஆமணக்கு நெய்யில் விளக்கெரித்த நினைவுதான் கார்த்திகை என்றார். அரக்கனைக் கொன்ற கதைக்குப் பதிலாக ஒரு உழைப்பின் கதை. கொலையைக் கொண்டாடுகிற நாளை, பயிர் செய்து செக்காட்டியவர்களின் கண்டுபிடிப்பைக் கொண்டாடுகிற நாளாகப் படித்துக் காட்டினார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார், ஆண்டையிடம் அனுமதி கேட்டு அழுத அடிமை. பண்டிதரின் நந்தன், வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன்.

இன்றைய பல்கலைக்கழக மொழியில் இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. வாய்மொழி வரலாறு என்கிறார்கள், நாட்டார் வழக்காற்றியல் என்கிறார்கள், எதிர் வாசிப்பு என்கிறார்கள். வெளிநாட்டு அறிஞர் பெயரோடு அது பாடத்திட்டத்தில் வந்தால் கோட்பாடு. ஒரு பைசா பத்திரிகையில் வந்தால் 'சான்று'.

கடலுக்கு அப்பால் ஒரு பத்திரிகைக் குவியல்

இந்த நேரத்தில் ஹவாய்த் தீவுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பசிபிக் கடலின் நடுவில் இருக்கிற அந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் பத்திரிகைதான்.

1893இல் அமெரிக்க வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து ஹவாய் அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இங்கே இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கிய அதே ஆண்டு. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று அங்கே சட்டம் வந்தது. பண்டிதர் கொழும்பு போன 1898இல் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. ஹவாய் மக்கள் இதை எதிர்க்கவே இல்லை, அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் பிறகு வரலாறு எழுதப்பட்டது. எழுதியவர்கள் பெரும்பாலும் ஹவாய் மொழி படிக்கத் தெரியாதவர்கள்.

ஆனால் அந்த மக்கள் 1834 முதல் 1948 வரை சுமார் நூறு பத்திரிகைகளைத் தம் மொழியில் நடத்தியிருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அவை நூலகத்தில் கிடந்தன, யாரும் படிக்கவில்லை. ஹவாய் மொழியிலும் வரலாற்றிலும் ஆய்வு செய்த நோயெநோயே சில்வா என்ற அறிஞர் அவற்றை உட்கார்ந்து படித்தார். 1897இல் இணைப்பை எதிர்த்து ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிய செய்திகள் அவற்றில் இருந்தன. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடினார். 1990களில் அந்த மனு கிடைத்தது. 21,000க்கு மேற்பட்ட கையெழுத்துகள். அன்று ஹவாய்ப் பூர்வகுடிகளின் மொத்த எண்ணிக்கையே ஏறக்குறைய 40,000தான். எதிர்ப்பே இல்லை என்று நூறாண்டு சொல்லிவந்த கதை அந்தக் காகிதக் கட்டின் முன் நிற்கவில்லை. தங்கள் தாத்தா பாட்டியின் கையெழுத்தை அந்த மனுவில் தேடிக் கண்டுபிடித்து அழுத குடும்பங்கள் அங்கே உண்டு. 2004இல் சில்வாவின் நூல் வந்தது.

அதே துறையில் புவாகேயா நோகல்மையர் என்ற அறிஞர் ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஹவாய் எழுத்தாளர்கள் சிலருடைய நூல்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. ஆய்வாளர்கள் அந்த நான்கைந்து நூல்களை வைத்துக்கொண்டு 'இதுவே போதும்' என்று இருந்துவிட்டார்கள். லட்சம் பக்கங்களுக்கு நான்கு புத்தகம் பிரதிநிதி ஆகிவிட்டது. போதும் என்ற இந்த மனநிலைதான் ஆவணத்தை எரிப்பதைவிட ஆபத்தானது. எரித்தால் குற்றம் என்று தெரியும். போதும் என்றால் யாருக்கும் குற்றவுணர்வே வராது.

அங்கே ஒரு மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றி அதன் ஆவணங்களை ஊமையாக்கினார்கள். இங்கே தமிழை யாரும் வெளியேற்றவில்லை. தமிழுக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மாநாடு இருக்கிறது. தமிழிலேயே, எல்லோருக்கும் புரிகிற எழுத்தில், 'தமிழன்' என்றே பெயர் போட்டு வந்த பத்திரிகை 85 ஆண்டுகள் கண்ணில் படாமல் போனது. மொழி தெரியாமல் படிக்காமல் விட்டது அவர்கள் கதை. மொழி தெரிந்தும் படிக்காமல் விட்டது நம் கதை. இரண்டில் எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பெட்டியில் பாதுகாத்தவர்கள்

'தமிழன்' இதழ்கள் முழுவதும் அழியாமல் தப்பியது அரசு ஆவணக் காப்பகத்தின் கருணையால் அல்ல. கோலார் தங்கவயலிலும் வட ஆர்க்காட்டிலும் இருந்த பௌத்தக் குடும்பங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தன. தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய சிறு நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. இறந்து 85 ஆண்டு கழித்து.

அதற்குப் பிறகு ராஜ் கௌதமன், டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் எனப் பலர் அவரோடு உண்மையாகவே உரையாடினார்கள். அவர்களில் பலர் நம் தென்மாவட்டத்துக்காரர்கள், சிலர் மதுரைக் கல்வி நிலையங்களில் பாடம் நடத்துகிறவர்கள் என்பதில் நமக்குப் பெருமை. தலித் இதழ்களின் வரலாற்றை 1869இன் 'சூரியோதயம்' தொடங்கி எழுதிய ஜெ. பாலசுப்பிரமணியமும் இங்கிருப்பவர்தான். ஆனால் அந்த நூலைப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. எத்தனை இதழ்கள்! அவற்றில் பலவற்றுக்குப் பெயர் மட்டுமே மிச்சம். 'பஞ்சமன்', 'திராவிட பாண்டியன்', 'மகா விகடதூதன்' என்று பட்டியல் போகிறது. ஒரு சமூகம் தன் கைக்காசில் அச்சடித்துத் தன் கதையை எழுதி வைத்தது, அதைச் சேர்த்து வைக்க யாருக்கும் அக்கறை இல்லாமல் போனது. பிறகு அதே சமூகத்தைப் பார்த்து 'எழுத்து மரபு இல்லாதவர்கள்' என்று பாடம் நடத்தினார்கள்.

மலையடிவாரத்தில் இருந்து

நான் இருப்பது திருநகரில். மொட்டை மாடி ஏறினால் திருப்பரங்குன்றம் மலை தெரியும். 2025 பிப்ரவரியில் அந்த மலை யாருடையது என்று கேட்டு வெளியூரிலிருந்து கூட்டம் திரண்டது, மாவட்டத்தில் தடை உத்தரவு போட்டார்கள். கார்த்திகை தீபத்தை மலையில் எந்த இடத்தில் ஏற்றுவது என்பது பல ஆண்டுகளாக உயர் நீதிமன்ற வழக்கு. கோயிலுக்கும் தர்காவுக்கும் நடுவே ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் போய்வந்த பாதையில் இன்று போலீஸ் நிற்கிறது.

இந்த மலையின் கல்லே ஒரு நூலகம். மேலே சமணர் படுக்கைகள், அவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள், அவற்றில் ஈழக் குடும்பிகன் ஒருவனின் பெயர். பின்புறம் தென்பரங்குன்றத்தில் உமையாண்டார் குகைக்கோயில். அது சமணக் குகையாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாற்றப்பட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஒரு மதத்தின் இடம் இன்னொரு மதத்தின் இடமானது என்று பண்டிதர் எழுதியபோது கற்பனை என்றார்கள். இங்கே அது செதுக்கி வைத்திருக்கிறது.

மலைக்கு ஒரே சொந்தக்காரர், ஒரே வரலாறு, ஒரே தீபம் என்று சொல்கிறவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் சட்டம் ஒழுங்கு, மத நல்லிணக்கம் என்று நிறுத்திக்கொள்கிறோம். தேவைதான், போதாது. கார்த்திகை விளக்கில் ஊற்றுகிற எண்ணெய் யார் உழைப்பில் வந்தது என்று நூறாண்டுக்கு முன்பே கேட்ட ஒருவர் நம்மிடம் இருக்கிறார். தீபம் எங்கே என்ற சண்டைக்குள், தீபம் யாருடைய கண்டுபிடிப்பு என்ற கேள்வியைக் கொண்டு வந்தவர் அவர். அந்தக் கேள்வியை நாம் பயன்படுத்தாமல் மணிமண்டபத்தில் பூட்டி வைத்திருக்கிறோம்.

வழிபாடு வேண்டாம், வாதம் வேண்டும்

இப்போது மறுபக்கம். அறிஞராக ஏற்பது என்றால் சொன்னதெல்லாம் சரி என்று தலையாட்டுவது அல்ல.

பண்டிதரின் சொல்லாராய்ச்சிகளில் பல இன்றைய மொழியியலின் முன் நிற்காது. ஒலி ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போகும் என்று அவர் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார். அவர் காலத்தில் கல்வெட்டியல் இன்றைய நிலையில் இல்லை. நம் ஊர்ப்பக்கக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கியதே 1924இல், பண்டிதர் இறந்து பத்தாண்டு கழித்து. இன்று நம் கையில் இருக்கிற ஆதாரங்களைக் கொண்டு அவருடைய முடிவுகளைச் சோதிக்க வேண்டும். சில உடையும், சில எதிர்பாராத விதத்தில் உறுதிப்படும். இரண்டுமே அவருக்கு மரியாதைதான். பிரிட்டிஷ் ஆட்சி மீது அவர் வைத்த நம்பிக்கையையும் இப்படியே விமர்சிக்கலாம்.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. சாதிபேதமற்ற திராவிடர் என்று பேசிய பண்டிதர், அருந்ததியர், குறவர் போன்ற மக்களைப் பற்றி எழுதும்போது தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்தார். அருந்ததியர் தரப்பிலிருந்து ம. மதிவண்ணன் போன்ற எழுத்தாளர்கள் இதை வெளிப்படையாக எடுத்து வைத்தபோது நம் தோழர்கள் பலருக்கே கோபம் வந்தது. கோபப்பட என்ன இருக்கிறது? எல்லா மனிதருக்கும் பூர்விகப் பெருமை இருந்தால்தான் சமத்துவம் என்றால், அரண்மனை நினைவு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மலம் அள்ள நிர்ப்பந்திக்கப்பட்ட மனிதருக்கு உரிமை கேட்க அவர் முன்பு பௌத்த அரசராக இருந்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அயோத்திதாசரைப் படிப்பது சாதி ஒழிப்பு வாசிப்பு ஆகாது. அவரைச் சாமியாக்கினால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. சக அறிஞராக்கினால் முகத்துக்கு நேராகக் கேட்கலாம்.

உ.வே.சா.வின் பதிப்பில் பிழை காட்டினால் யாரும் அவர் சிலையை உடைத்ததாகச் சொல்வதில்லை. வையாபுரிப்பிள்ளையின் காலக் கணிப்பை மறுத்துப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள், அவர் இன்னும் பெரிய அறிஞராகத்தான் நிற்கிறார். மறுக்கப்படும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. அந்த உரிமையைத்தான் சாதி பண்டிதருக்கு மறுத்தது.

நாம் செய்ய வேண்டியது

கீழடி ஆய்வறிக்கையைத் திருத்தி எழுதச் சொன்னபோது நம் தலைமுறை கொதித்தது. நம் வரலாற்றை யாரோ தில்லியில் உட்கார்ந்து தீர்மானிப்பதா என்று கேட்டோம். சரியான கேள்வி. அதே கேள்வியை நம் வீட்டுக்குள்ளும் கேட்போம். தமிழர் வரலாற்றைத் தமிழர்களுக்குள் யார் தீர்மானித்தார்கள்? யாருடைய ஏடு அரங்கேறியது, யாருடைய ஏடு பெட்டியில் கிடந்தது?

ஆய்வு மாணவர்களுக்கு முதலில். உங்கள் ஆய்வேட்டில் பண்டிதரை இரண்டாவது பட்டியலுக்கு மாற்றுங்கள். நெறியாளர் கேட்டால் காரணம் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்டாலும் சொல்லுங்கள். 'அயோத்திதாசர் இவ்வாறு கருதுகிறார், ஆனால்' என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த 'ஆனால்' மணிமண்டபத்தைவிடப் பெரிய மரியாதை.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கு. ஒடுக்கப்பட்டோர் இலக்கியம் என்ற விருப்பப் பாடத்தின் ஓர் அலகில் அவரை அடைத்து வைக்காதீர்கள். வரலாற்று வரைவியல் தாளில், உரையாசிரியர் மரபு பற்றிய தாளில், நாட்டார் வழக்காற்றியல் தாளில் அவர் வர வேண்டும்.

மூன்றாவது, இதை வாசிக்கிற எல்லோருக்கும். ஹவாயில் 2011, 2012இல் ஒரு வேலை நடந்தது. பழைய பத்திரிகைகளின் பக்கங்களை ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் வீட்டில் உட்கார்ந்து கணினியில் தட்டச்சு செய்தார்கள். மொழி முழுதும் தெரியாதவர்கள்கூடத் தட்டினார்கள், தேடினால் கிடைக்கும்படி அந்தப் பக்கங்கள் மாறின. நம்மிடம் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது, தட்டத் தமிழ் தெரியும். 'தமிழன்' தொடங்கி 'உதயசூரியன்' வரை எஞ்சியிருக்கிற ஒவ்வொரு தலித் இதழின் ஒவ்வொரு பக்கத்தையும் தேடிப் படிக்கக்கூடிய எழுத்தாக மாற்ற ஒரு இயக்கம் வேண்டும். அரசு செய்தால் நல்லது. செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பு வட்டம் நடத்துகிற ஒவ்வொரு தோழர் குழுவும் வாரம் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, வீட்டுப் பெட்டிகள். தங்கவயலுக்குப் போன தாத்தா, இரங்கூனுக்குப் போன பாட்டன், மில்லில் சங்கம் வைத்த பெரியப்பா என்று நம் குடும்பங்களில் கதை உண்டு. பரணில் ஒரு தகரப் பெட்டியும் உண்டு. போகிக்கு எரிக்கிற காகிதத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். துண்டறிக்கை, சந்தா ரசீது, சங்கத்து நோட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள், பழைய ஆட்களிடம் விவரம் கேட்டு எழுதி வையுங்கள். கந்தப்பன் வீட்டில் குறள் இருந்ததைப் போல யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மே 20க்கு மாலை போடுகிறவர்கள் போடட்டும். நாம் அன்றைக்கு 'இந்திரர் தேச சரித்திர'த்தை எடுத்து வைத்துப் பத்துப் பக்கம் படித்துச் சண்டை போடுவோம். தன் வாசகர்களின் கேள்விகளுக்கு வாரா வாரம் பதில் எழுதியவர் அவர். கேள்விகளை நிறுத்தியது நாம்தான்.